மூணாம் மாடியின் விடுமுறை

என் அக்காவுக்கு அவள் வேலை செய்யும் லாட்ஜில் பெயரே கிடையாது. "மூணாம் மாடியக் கூப்பிடு", "மூணாம் மாடிக்கு டவல் போகலியா?", "மூணாம் மாடி இன்னும் சாப்பிடல போல" என்றுதான் பேச்சு. இருபத்து நான்கு வருஷமாக அந்த மாடியின் பதினான்கு அறைகளையும் பெருக்கித் துடைத்து, விரிப்பு மாற்றி, முடி பொறுக்கி, குழாயைத் தேய்த்து வருகிறவள். ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கிற லாட்ஜ் அது. யாரும் ஒரு ராத்திரிக்கு மேல் தங்குவதில்லை. அதனால் தினமும் பதினான்கு அறைகளையும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். சில நாள் போனில் என்னிடமே "மூணாம் மாடி பேசுறேன்" என்று தொடங்கிவிட்டு, அப்புறம் மூக்கால் சிரிப்பாள்.

அவளைப் பற்றிச் சொல்ல வந்தால் எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது. நானும் ஒன்றும் சும்மா இருப்பவள் இல்லை. பல் டாக்டரிடம் டோக்கன் கொடுக்கிற வேலை. கன்னம் வீங்கி வந்தவர்கள் எல்லாரும் என்மேல்தான் எரிந்து விழுவார்கள். ஆனால் ஆறு மணிக்கு ஷட்டரை இறக்கினால் என் வேலை ஷட்டருக்கு உள்ளேயே நின்றுவிடும். அக்கா வேலையை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வருவாள். என் வீட்டுக்கு வந்தால் உட்காருவதற்கு முன் தலையணையை இரண்டு தட்டு தட்டுவாள். பேசிக்கொண்டே என் கட்டில் விரிப்பின் மூலையை இழுத்து, இரண்டு மடிப்பாக மடித்து, மெத்தைக்கு அடியில் செருகுவாள். ஒரு மடிப்புப் போதாதா என்றால், "எங்க மெத்த எல்லாம் தேஞ்சு போச்சுடி. ஒத்த மடிப்பு நிக்காது" என்பாள். என் மெத்தை புதுசு என்று சொன்னாலும் காதில் விழாது.

போன மாதம் ஒரு காரியம் நடந்தது. காலை பதினோரு மணி. முந்நூற்றேழாம் அறை. ஆள் காலி செய்துவிட்டுப் போன அறை. அக்கா விரிப்பை மாற்றி முடித்தாள். முழங்கால் விண்விண்ணென்று வலித்ததாம். ஒரு நிமிஷம் என்று கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். அடுத்து அவள் காதில் விழுந்தது சாவி திரும்புகிற சத்தம். கீழே புதிதாக வந்தவரிடம் அந்த அறைச் சாவியைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். கையில் பையோடு ஒரு மனுஷன் வாசலில் நிற்கிறார். அக்கா வாய் பிளந்து, செருப்புக் காலோடு, அந்த வெள்ளை விரிப்பில் கிடக்கிறாள்.

அந்த ஆள் கத்தவில்லை. "சாரி" என்று சொல்லிக் கதவை மெல்லச் சாத்திவிட்டுக் கீழே போய்ச் சொல்லியிருக்கிறார். அக்காவுக்கு அதுதான் தாங்கவில்லை. "ரெண்டு வார்த்த திட்டியிருந்தாகூடப் பரவாயில்லடி. சாரின்னாரு" என்று என்னிடம் நாலு தடவை சொன்னாள். மேனேஜர் கூப்பிட்டு, இது முதல் தடவை என்பதால் விடுகிறேன், இன்னொரு தடவை வேலை நேரத்தில் தூங்கினால் மறுநாள் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஐம்பத்தொரு வயதில் வேறு எந்த லாட்ஜில் எடுப்பார்கள்?

அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் போய்விட்டது. கண்ணை மூடினால் சாவிச் சத்தம். பக்கத்து வீட்டுக் கதவு திறந்தாலும் எழுந்து உட்கார்ந்து தலைமுடியைச் சரி செய்துகொள்வாள். பக்கத்தில் அத்தான் அடித்துப் போட்டதுபோல் தூங்குவார். ராத்திரி தூங்காதவள் பகலில் என்ன செய்வாள்? நின்றபடியே கண் சொருகும். குழாயைத் தேய்க்கும்போது தலை சுவரில் இடித்து நெற்றியில் ஒரு வீக்கம். இப்படியே போனால் இன்னொரு அறையில், இன்னொரு கட்டிலில், கையும் களவுமாக மாட்டுவாள் என்பது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அவளுக்கும் தெரிந்திருந்தது. அதை நினைத்து இன்னும் தூங்காமல் கிடந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் டாக்டர் கடற்கரையில் குடும்பத்தோடு தங்குவதற்குப் பதிவு செய்து வைத்திருந்த அறை வீணாகிற மாதிரி ஆயிற்று. அவர் மாமியார் படியில் தடுக்கி விழுந்துவிட்டார். "வேணும்னா நீங்க போய்ட்டு வாங்க. வெள்ளிக்கிழமையிலேந்து ஞாயித்துக்கிழம வரைக்கும் இருக்கு" என்றார். மாமியாருக்காக வருத்தப்படுகிற முகத்தை எப்படியோ வைத்துக்கொண்டு சரி என்றேன்.

அக்காவைச் சம்மதிக்க வைப்பதற்குள் என் உயிர் பாதி போயிற்று.

"கடலப் பாத்து நான் என்னடி செய்யப் போறேன்?"

"ஒண்ணும் செய்ய வேணாம். தூங்கு. ரெண்டு நாள் தூங்கு. சோறு வரும், தண்ணி வரும், கட்டில் இருக்கும். நீ துணிய மடிச்சே, அங்கேயே விட்டுட்டு வந்துடுவேன்."

"இங்க தூக்கம் வராதவளுக்கு அங்க வந்துடுமா?"

"வரும். அங்க நீ மூணாம் மாடி இல்ல. கஸ்டமர்."

அந்த வார்த்தை அவளுக்குப் பிடித்தது. மூக்கால் சிரித்தாள். அத்தானுக்கு இரண்டு நாளைக்குக் குழம்பு வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

நான்கு மணி நேர பஸ். இறங்கியபோது வெயில் சாய்ந்திருந்தது. ஊரையெல்லாம் கூட்டி வந்து கொட்டியது போல் ஜனம். ஆனால் கடற்கரை அழகு என்று சும்மா சொல்லவில்லை. அரை வட்டமாக வளைந்த கரை, ஒரு முனையில் கலங்கரை விளக்கம், மறு முனையில் கறுப்புப் பாறைகள். பாறை மேல் அலை மோதும்போதெல்லாம் ஜனங்கள் 'ஓ' என்று கூச்சல் போட்டார்கள். தண்ணீர் பக்கத்தில் பச்சையாகவும் தூரத்தில் நீலமாகவும் இருந்தது. பக்கத்தில் திரும்பினால் அக்கா கடலைப் பார்க்கவே இல்லை. மணலில் புரளுகிற குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ்ளோ மணலும் ராத்திரி கட்டிலுக்குத்தான் வரும்" என்றாள்.

"அக்கா, ஆரம்பிக்காதே."

"ஈர மணலாச்சும் ஒட்டிக்கிட்டு இருக்கும், அள்ளிடலாம். காஞ்ச மணல் விரிப்புல ஏறினா அவ்ளோதான். உதறினா சுவரோரம் போகும். பெருக்கினா கதவு சந்துல போகும். பாவம், இங்க யாரு பண்றாளோ."

செருப்பைக் கழற்றி அலையில் கால் வை என்று இழுத்துக்கொண்டு போனேன். கணுக்கால் வரை நின்றாள். ஒரு அலை வந்து புடவை ஓரத்தை நனைத்தது. உடனே புடவையைப் பிழிந்தாள். திரும்பும்போது, நாங்கள் தங்கவிருந்த லாட்ஜ் வாசலில் கால் கழுவுவதற்கென்று இருந்த குழாயில் ஐந்து நிமிஷம் நின்று விரல் இடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவினாள். என் காலையும் குனிந்து பார்த்தாள். எனக்கு நாற்பத்து மூன்று வயது. நாலு பேர் பார்க்க என் காலை நீட்டச் சொல்லிக் கழுவிவிட்டாள். எங்கள் அறைக்குள் ஒரு மணல்கூட நுழையவில்லை, அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

அறை நல்ல அறை. முதல் மாடி, கடல் பக்கம் ஜன்னல். நடுவில் ஒரு பெரிய கட்டில். பால் வெள்ளை விரிப்பின் ஒரு ஓரத்தில் நீல நூலில் நங்கூரம் பின்னியிருந்தது, அந்த லாட்ஜின் முத்திரை. நான் தொப்பென்று விழுந்தேன். அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"படுக்கா."

"படுக்கறேன். நீ தூங்கு."

நடுவில் ஒரு தடவை விழித்துப் பார்த்தேன். தரையில் தன் புடவை ஒன்றை விரித்துச் சுவரோரம் சாய்ந்திருந்தாள். கண் திறந்தே இருந்தது. வராந்தாவில் யாரோ தங்கள் அறையைத் திறந்தார்கள். அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள். எனக்கு அழுகை வந்தது. எழுந்து ஏதாவது சொன்னால் இன்னும் கூனிக் குறுகிப் போவாள் என்று தூங்குகிற மாதிரியே கிடந்தேன்.

சனிக்கிழமை காலையில் நான் மட்டும் டீ குடிக்கக் கீழே போனேன். அப்படியே கரையோரம் கொஞ்சம் நடந்துவிட்டு எட்டரைக்குத் திரும்பி வந்தால், அறை வாசலில் அழுக்கு டவல்கள் எண்ணி அடுக்கி வைத்தது போல் மடிந்து கிடக்கின்றன. உள்ளே குளியலறைத் தரை உலர்ந்து பளபளக்கிறது. குழாயில் என் முகம் தெரிகிறது. கட்டில் விரிப்பில் ஒரு சுருக்கம் கிடையாது. நான் பையிலிருந்து எடுத்து விசிறிப்போட்ட என் துணிகள்கூட அளவெடுத்த மாதிரி அடுக்கப்பட்டிருந்தன. அக்கா கையில் ஈரத் துணியோடு ஜன்னல் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

"உன்ன இதுக்கா கூட்டிட்டு வந்தேன்? இதச் செய்யறதுக்கு நாலு மணி நேரம் பஸ்ல வரணுமா? உங்க லாட்ஜுலயே செய்யலாமே!"

"கை சும்மா இருக்க மாட்டேங்குதுடி."

"கைய வெட்டிப் போடு!"

"உனக்கென்ன, வர்ற பொண்ணுக்கு ஒரு ரூம் வேல மிச்சம். சந்தோஷப்படுவா."

அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு பெருமை தெரிந்தது. கண்ணுக்குக் கீழே கருவளையம், நெற்றியில் வீக்கம், அதற்கு மேலே இந்தப் பெருமை. நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

ஒன்பது மணிக்கு வராந்தாவில் தள்ளுவண்டியின் சக்கரம் கிறீச்சிட்டது. கதவைத் தட்டி, அறை சுத்தம் செய்கிற பெண் உள்ளே வந்தாள். முப்பது வயதிருக்கும். நீலச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. கண் இரண்டும் சிவந்து கிடந்தன. இரண்டு எட்டு உள்ளே வைத்தவள் கட்டிலைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். அருகில் போய்க் குனிந்து மூலையைத் தொட்டுப் பார்த்தாள். இரட்டை மடிப்பு. நிமிர்ந்து எங்கள் இருவரையும் பார்த்து, நேராக அக்காவிடம் கேட்டாள்.

"அக்கா, நீங்க எந்த லாட்ஜு?"

அக்கா வாயைத் திறப்பதற்குள் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பெண் சிரிக்கவில்லை. கட்டில் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க. ஆனா நங்கூரம் தலமாட்டுல வந்துடுச்சு. இங்க அது கால்மாட்டுல வரணும். சூப்பர்வைசர் வந்ததும் மொதல்ல அதத்தான் பாப்பாரு. டவலும் இப்படிப் பெருசு சின்னதுன்னு கலந்து வெச்சா எண்ணிக்க வராது, பிரிச்சு எண்ணணும். இப்ப எல்லாத்தையும் எடுத்துட்டுத் திரும்பப் போடணும்."

அக்காவின் முகம் சுருங்கிப் போயிற்று. முத்திரை தலைமாட்டில் வருவது அவள் லாட்ஜின் வழக்கம். இருபத்து நான்கு வருஷம் அப்படியே போட்ட கை, இங்கேயும் அப்படியே போட்டுவிட்டது. அதைவிட அவளைச் சுட்டது வேறு. தாங்களே கட்டிலைச் சரிசெய்துவிட்டுப் போகிற விருந்தாளிகளை அவளுக்கு அறவே பிடிக்காது. படுத்த விரிப்பா, படுக்காத விரிப்பா என்று தெரியாமல் எல்லாவற்றையும் பிரித்துப் பார்க்க வைப்பார்களாம். வருஷக்கணக்காக என்னிடம் அவர்களைக் கரித்துக் கொட்டியவள், இன்று அதையே செய்து வைத்திருக்கிறாள்.

"என் புத்தி" என்றாள். "நீ நில்லும்மா, நானே மாத்திடறேன். எத்தன ரூம் இன்னிக்கு?"

"பதினெட்டு. சனிக்கிழமையாச்சே. ரூமுக்கு அர மணி. சீக்கிரம் முடிச்சா ரெண்டாம் மாடியிலேந்து ரெண்டு ரூம் சேத்துடுவாரு."

சொல்லிக்கொண்டே தலையணையை எடுக்கக் குனிந்தவள் அப்படியே ஒரு பக்கம் சாய்ந்தாள். நான் பிடிப்பதற்குள் அக்கா பிடித்தாள். ஒன்றுமில்லை, குழந்தைக்கு மூன்று நாளாகக் காய்ச்சல், ராத்திரியில் கண் மூடவில்லை, அவ்வளவுதான் என்றாள் அந்தப் பெண்.

அக்கா அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் சொன்னாள்.

"படு."

"என்னக்கா?"

"இந்த ரூமுக்கு அர மணி இருக்குன்னு சொன்னியே. வேலதான் முடிஞ்சு கெடக்கே. கட்டில எப்படியும் கலைக்கத்தானே போறே? படுத்துக் கலை."

"அய்யோ, யாராவது பாத்தா வேல போயிடும்!"

"தெரியும்" என்றாள் அக்கா. "தெரியும்மா. எனக்குத் தெரியாதா? அப்ப என் கதவுக்கு வெளிய யாரும் இல்ல. இப்ப உனக்கு நாங்க ரெண்டு பேர் இருக்கோம். செருப்ப மட்டும் கழட்டிடு."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தேன். 'தொந்தரவு செய்யாதீர்கள்' என்று எழுதிய அட்டையை எடுத்துக் கைப்பிடியில் மாட்டினேன். உள்ளே இன்னொரு நாற்காலியில் அக்கா காவல், வெளியே நான். ஆயிரம் பேர் ஆசைப்பட்டு வருகிற கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வெள்ளையடித்த சுவரையும் தீயணைக்கும் சிலிண்டரையும் பார்த்தபடி உட்கார்ந்தேன். அலைச் சத்தம் மட்டும் கேட்டது. விடுமுறை என்றால் விடுமுறை.

இருபது நிமிஷம் போயிருக்கும். சூப்பர்வைசர் வந்தார். கையில் அட்டையில் செருகிய தாள், காதில் பேனா. தள்ளுவண்டியைப் பார்த்தார், கதவு அட்டையைப் பார்த்தார், நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் என்னையும் பார்த்தார்.

"மேடம், உள்ள கிளீனிங் நடக்குதா? அட்ட மாட்டியிருக்கே?"

எட்டு வருஷமாகப் பல்வலிக்காரர்களைச் சமாளிக்கிற வாய் இது.

"என்னத்தச் சொல்றது சார். எங்க அக்கா நேத்து கடல்லேந்து வந்து கால்கூடக் கழுவாம அப்படியே கட்டில்ல விழுந்துட்டாங்க. மெத்த பூரா மணல். பாத்ரூம் பூரா மணல். அந்தப் பொண்ணு பாவம், தட்டித் தட்டி எடுக்குது. நடுவுல யாராவது கதவத் தெறந்தா காத்துல திரும்பப் பறக்குதுன்னு நான்தான் அட்டய மாட்டினேன். இன்னும் அர மணியாவது ஆகும்."

அவர் முகம் கோணியது. மணலோடு படுக்கிறவர்களைப் பார்த்தால் வரவேண்டிய முகம்தான். "கீழ குழாய் வெச்சிருக்கோமே மேடம்" என்றார்.

"சொன்னா கேக்க மாட்டாங்க சார். சுத்தம்னா என்னன்னே தெரியாது அவங்களுக்கு."

அவர் தாளில் ஏதோ குறித்துக்கொண்டு மாடிப்படி ஏறிப் போனார். நான் மூச்சை விட்டேன். என் ஜன்மத்தில் என் அக்காவைப் பற்றி இவ்வளவு பெரிய பொய் சொன்னதில்லை. அவள் காதில் விழுந்திருக்குமோ என்று கதவில் காது வைத்துக் கேட்டேன். சத்தமே இல்லை.

இன்னும் அரை மணி பொறுத்து, அந்தப் பெண்ணை எழுப்பலாம் என்று கதவைத் திறந்தேன். கட்டிலின் ஒரு ஓரத்தில் அவள் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். காவல் நாற்காலி காலியாக இருந்தது. கட்டிலின் மறு பாதியில், நீல நங்கூரத்தின் மேல் தலை வைத்து, வாய் பிளந்து, என் அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றித்தான் வைத்திருந்தாள். இரண்டு ஜோடிச் செருப்பும் கட்டிலுக்குக் கீழே வரிசையாக இருந்தன.

நான் அந்தப் பெண்ணின் தோளை மட்டும் தொட்டேன். திடுக்கிட்டு எழுந்தவள், அக்காவைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். சத்தம் வராமல் இறங்கினாள். பழக்கம் விடுமா? தன் பக்கத்து விரிப்பைக் கையால் நீவி, மூலையை இழுத்துச் செருகினாள். கவனித்தேன், இரண்டு மடிப்பாக மடித்தாள். நங்கூரத்தைக் காட்டி என்ன செய்ய என்று கையால் கேட்டேன். "சூப்பர்வைசர் தூங்கற கஸ்டமர எழுப்பி விரிப்பு மாத்தச் சொல்ல மாட்டாரு. இருக்கட்டும்" என்று என் காதில் சொல்லிவிட்டு, வண்டியின் கிறீச்சிடும் சக்கரத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தபடியே தள்ளிக்கொண்டு போனாள்.

நான் திரும்ப வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். பக்கத்து அறையில் ஒரு குடும்பம் ஈரத் துணியோடு கத்திக்கொண்டு வந்தது. "கொஞ்சம் மெதுவா" என்று விரலை உதட்டில் வைத்தேன். மதியம் சாப்பாட்டுக்குப் போகவில்லை. கால் மரத்துப் போனபோது எழுந்து நாலடி நடந்துவிட்டு மறுபடி உட்கார்ந்தேன். எங்கே கதவு திறந்தாலும், உள்ளே ஏதாவது அசைகிறதா என்று என் காது கதவுக்குள்ளேயே இருந்தது. ஒன்றும் அசையவில்லை.

நாலேகாலுக்கு உள்ளேயிருந்து இருமல் கேட்டது. போனேன். அக்கா கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் நங்கூரம் தையல் தையலாகப் பதிந்திருந்தது. எங்கே இருக்கிறோம் என்று புரியாமல் ஜன்னலைப் பார்த்தாள், கடலைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். கை தலைமுடிக்குப் போய், பாதியில் நின்றது.

"மணி என்னடி?"

"நாலேகால்."

"நாலேகாலா! காலையிலேந்தா?"

"காலையிலேந்துதான்."

அக்கா கன்னத்தைத் தடவிப் பார்த்தாள். அப்புறம் ரொம்ப மெதுவாகக் கேட்டாள்.

"யாரும் வரலியா?"

"இல்லக்கா" என்றேன். "யாரும் வரல."